விஞ்ஞானிகளின் படைப்பாற்றல்: பொருந்தாததைக் கவனிக்கும் மனம்

பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட, நாடுகளிடையே மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வின் அறிக்கையில், படைப்பாற்றலுடன் சிந்திக்கும் திறனில் சிங்கப்பூரின் 15 வயது மாணவர்கள் உலகில் முதலிடம் பெற்றிருந்தனர். 60 புள்ளிகளுக்கு அவர்களின் சராசரி 41. அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 33. தேர்வுக்காக மனப்பாடம் மட்டுமே செய்கிறார்கள் என்று நம் பிள்ளைகளைப் பற்றி நாமே நெடுங்காலமாகச் சொல்லிவந்த குறைக்கு அது ஒரு பதிலாகவும் அமைந்தது. ஆயினும், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு படத்துக்கு வெவ்வேறு தலைப்புகள் தருவதும், ஓர் அன்றாடச் சிக்கலுக்குப் பல தீர்வுகள் எழுதுவதும், ஒரே கேள்வியுடன் பத்தாண்டுகளை ஆய்வுக்கூடத்தில் கழிக்கும் விஞ்ஞானி செய்வதும் ஒரே வகையான செயல்தானா என்பது தனிக் கேள்வி. இதற்கு உளவியல் ஏறத்தாழ நூறாண்டுகளாக விடை தேடி வருகிறது. இதுவரை கிடைத்த விடைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, விஞ்ஞானியின் படைப்பாற்றல் எண்ணம் பளிச்சிடும் அந்த ஒரு கணத்தில் இருப்பதைவிட, எதிர்பார்ப்புடன் பொருந்தாத ஒன்றைக் கவனித்து, அதை ஒதுக்கித் தள்ளாமல் ஒரு கேள்வியாக மாற்றிக்கொள்ளும் பழக்கத்தில்தான் அதிகம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

படைப்பாற்றலுக்கு உளவியலாளர்கள் பொதுவாக இரண்டு நிபந்தனைகளை வைக்கின்றனர். உருவாகும் கருத்தோ பொருளோ புதியதாக இருக்க வேண்டும். எடுத்துக்கொண்ட சிக்கலுக்குப் பொருந்தவும் வேண்டும். எரிபொருளே இல்லாமல் என்றென்றும் ஓடும் இயந்திரம் ஒன்றை ஒருவர் வரைந்து காட்டினால் அது புதியதாக இருக்கலாம். ஆனால் ஆற்றல் அழிவின்மை விதிக்கு முரணாக இருப்பதால் பொருந்தாது. பாடநூலில் உள்ள சோதனையைப் பிழையின்றிச் செய்து முடிக்கும் மாணவரின் வேலை பொருந்தும், ஆனால் புதியதன்று. கலைகளுக்கும் இவ்விரு நிபந்தனைகள் உண்டு என்றாலும் அறிவியலில் இரண்டாவது நிபந்தனை மிகக் கடுமையானது. கவிதை ஒன்று தேறுமா என்பதை வாசகர்கள் முடிவு செய்கிறார்கள். கருதுகோள் ஒன்று தேறுமா என்பதைச் சக விஞ்ஞானிகளோடு சோதனையின் முடிவும் சேர்ந்து தீர்மானிக்கிறது. அந்த முடிவை எவராலும் பேசிக் கரைக்க முடியாது.

இத்துறையின் நவீன வரலாற்றை 1950இலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த ஜே. பி. கில்ஃபர்ட், உளவியலாளர்கள் படைப்பாற்றலைப் பெரிதும் புறக்கணித்துவிட்டதாகத் தமது தலைமையுரையில் சுட்டிக்காட்டினார். ஒரே சரியான விடையை நோக்கி நெருங்கும் சிந்தனையையும், ஒரு புள்ளியிலிருந்து பல திசைகளில் கிளைக்கும் சிந்தனையையும் அவர் பின்னர் பிரித்துக் காட்டினார். தமிழில் இவற்றைக் குவிசிந்தனை என்றும் விரிசிந்தனை என்றும் அழைக்கிறோம். ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டு, விடைகளின் எண்ணிக்கையையும் அரிதான தன்மையையும் கணக்கிடும் சோதனைகள் இந்தப் பிரிவினையிலிருந்து வந்தவை. அவை பயனுள்ளவை, ஆனால் செங்கல்லுக்கு நாற்பது பயன்கள் சொல்பவர் எல்லாம் நல்ல விஞ்ஞானியாவதில்லை. விஞ்ஞானிக்கு இரண்டு சிந்தனைகளும் மாறிமாறித் தேவைப்படுகின்றன. ஒரு முடிவுக்குப் பல விளக்கங்களை எழுப்பவும் வேண்டும். பிறகு அவற்றுள் பெரும்பாலானவற்றை இரக்கமின்றி வெட்டி எறியவும் வேண்டும்.

கில்ஃபர்டுக்கு முன்பே, 1926இல், ஆங்கிலேய அறிஞர் கிரகாம் வாலஸ் படைப்புச் செயலை நான்கு கட்டங்களாகப் பிரித்திருந்தார்: ஆயத்தம், அடைகாத்தல், ஒளிர்தல், சரிபார்த்தல். சிக்கலில் முழுமூச்சாக மூழ்குவது முதல் கட்டம். முட்டுச்சந்தில் அதை விட்டு விலகி வேறு வேலை பார்ப்பது இரண்டாவது. விடை திடீரெனத் தோன்றுவது மூன்றாவது. தோன்றியது சரிதானா என்று சோதித்துப் பார்ப்பது நான்காவது. வாலஸ் இதை எழுதும்போது பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி புவாங்கரே 1908இல் பாரிஸ் உளவியல் கழகத்தில் தம்மைப் பற்றிக் கூறிய செய்திகளைப் பயன்படுத்திக்கொண்டார். ஒருவகைக் கணிதச் சார்புகள் இருக்கவே முடியாது என்று நிறுவுவதற்காகப் புவாங்கரே பதினைந்து நாள்கள் ஒவ்வொரு நாளும் மேசை முன் அமர்ந்து முயன்று தோற்றார். ஒருநாள் மாலை, வழக்கத்துக்கு மாறாகக் கடுங்காப்பி அருந்தியதால் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, எண்ணங்கள் ஒன்றோடொன்று மோதி இணைவதை உணர்ந்தார். விடிவதற்குள், அத்தகைய சார்புகள் உண்டு என்பதை அவரே நிறுவிவிட்டார். பின்னர் நிலவியல் சுற்றுலா ஒன்றில், கூட்டான்ஸ் என்னும் ஊரில் குதிரைவண்டிப் பேருந்தின் படியில் கால் வைத்த கணத்தில், அச்சார்புகளை வரையறுக்கத் தாம் கையாண்ட உருமாற்றங்கள் யூக்ளிடியமல்லாத வடிவியலின் உருமாற்றங்களே என்பது அவர் மனத்தில் தோன்றியது. அப்போது அதைச் சரிபார்க்க நேரமில்லை. ஊர் திரும்பிய பிறகே சரிபார்த்தார்.

பேருந்துப் படிக்கட்டைப் பற்றிய இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதற்கு முந்தைய பதினைந்து நாள்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். புவாங்கரே அப்படி விடவில்லை. முன்னால் பலனற்றதாகத் தோன்றிய கடும் உழைப்பு இல்லாமல் இத்தகைய திடீர் வெளிச்சம் நேர்வதில்லை என்பதை அவர் வலியுறுத்தினார். அடைகாத்தல் ஏன் உதவுகிறது என்பதற்கு இன்று இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. நனவுக்கு எட்டாத மட்டத்தில் மனம் தொடர்ந்து வேலை செய்கிறது என்பது ஒன்று. தவறான தொடக்கம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்த மனத்தின் பிடி, விலகியிருக்கும்போது தளர்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கம் எளிமையானது. பல சூழல்களுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். இயற்பியலாளர்களும் தொழில்முறை எழுத்தாளர்களும் நாள்தோறும் தங்கள் சிறந்த எண்ணத்தைக் குறித்துவைத்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வேலைக்குத் தொடர்பில்லாத எதையோ செய்துகொண்டு மனம் அலைந்த வேளைகளில் வந்தவை. முட்டுக்கட்டையை உடைத்த எண்ணங்களும் திடீரென உதித்தவையும் இவ்வகையில் அதிகம் இருந்தன. ஆயினும் இதே கணக்கைப் புரட்டிப் பார்த்தால், ஐந்தில் நான்கு பங்கு எண்ணங்கள் அவ்வாறு வரவில்லை என்பதும் தெரியும். நல்ல எண்ணம் குளியலறையில்தான் வரும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் முழுத் துணை நிற்கவில்லை.

பிடி தளர வேண்டும் என்றால், முதலில் பிடி எப்படி விழுகிறது? ஏபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட தண்ணீர்க் குடுவைச் சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 21, 127, 3 அளவுள்ள மூன்று குடுவைகளைக் கொண்டு 100 அளவு நீரை எடுக்க வேண்டும். 127இலிருந்து ஒருமுறை 21ஐயும் இருமுறை 3ஐயும் கழித்தால் விடை கிடைக்கும். இதே வழியில் தீரும் கணக்குகள் சிலவற்றைச் செய்தவர்களிடம், 23, 49, 3 அளவுள்ள குடுவைகளால் 20 அளவு நீரை எடுக்கச் சொன்னால், பெரும்பாலோர் 49இலிருந்து 23ஐயும் இருமுறை 3ஐயும் கழிக்கிறார்கள். 23இலிருந்து 3ஐக் கழித்தாலே போதும் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. பயிற்சி பெறாதவர்கள் அதை உடனே கண்டுகொள்கிறார்கள். துணைப்பாட வகுப்புகளில் வினாவகைக்கு ஒரு வழிமுறை என்று பழகும் பிள்ளைகளுக்கு இது நன்கு பொருந்தும். அதற்காகப் பயிற்சியே கூடாது என்று சொல்வதற்கில்லை, ஏனெனில் புவாங்கரேயின் பதினைந்து நாள்களும் ஒருவகைப் பயிற்சியின் மேல் நின்றவைதாம். அறிவு மிகும்போது பார்வை கூர்மையடைகிறது. அதே அறிவு சில வேளைகளில் பார்வையை மறைக்கவும் செய்கிறது. இந்த முரண்பாட்டைத் துறை இன்னும் முழுமையாகத் தீர்க்கவில்லை.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டில் இந்த முரண்பாட்டை அருகிலிருந்து பார்க்கலாம். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், 1921இல் இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தபோது மத்தியதரைக் கடலின் அடர்நீலத்தைக் கண்டு வியந்தார் என்பது பள்ளி மாணவர்களும் அறிந்த செய்தி. அந்த நீலத்தைக் கண்டு வியந்தவர்கள் அவருக்கு முன்னும் ஏராளம். ஆழ்கடலின் நீலம் வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால் வருவது என்று ராலே பிரபு விளக்கியிருந்தார். இயற்பியலில் அவர் சொல்லுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இராமன் தம் கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை அதனால் தடுக்க முடியும். அதைத் தடுத்த பிறகும் நீலம் மறையவில்லை; இன்னும் தெளிவாகவே தெரிந்தது. அப்படியானால் நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. ஏற்கெனவே விடை எழுதப்பட்டுவிட்ட ஒன்றை மீண்டும் கேள்வியாக்கியதுதான் இங்கே புதுமை. உளவியலாளர்கள் இதைச் சிக்கல் காணும் திறன் என்று அழைத்து, கொடுத்த சிக்கலைத் தீர்க்கும் திறனிலிருந்து வேறுபடுத்துகிறார்கள்.

இதற்குப் பின் வந்த ஏழாண்டுகள் பாடநூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. உளவியல் நோக்கில் அவைதாம் வளமானவை. கொல்கத்தாவில் இராமனின் மாணவர் கே. ஆர். இராமநாதன் 1923இல் திரவங்களில் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, உள்ளே செலுத்திய நிறத்திலிருந்து மாறிய நிறத்தில் மிக மங்கலான ஓர் ஒளியும் வெளிவருவதைக் கண்டார். அது திரவத்திலிருந்த மாசினால் எழும் வலுவற்ற ஒளிர்வு என்றே கருதப்பட்டது. திரவத்தைத் திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மைப்படுத்தினார்கள், ஒளி போகவில்லை. 1925இல் கே. எஸ். கிருஷ்ணனும் இதையே கண்டார். 1928இன் தொடக்கத்தில் எஸ். வெங்கடேசுவரன் தூய கிளிசரினில் சிதறிய ஒளி, நீலமாக இருப்பதற்குப் பதிலாகப் பச்சை சாயலுடன், வலுவாக முனைவாக்கம் பெற்றிருப்பதை, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதைக் கவனித்தார். மாசினால் எழும் சாதாரண ஒளிர்வு அவ்வளவு வலுவாக முனைவாக்கம் பெறாது. ஊடுகதிர்கள் சிதறும்போது அலைநீளம் மாறுவதைக் கண்டறிந்த ஆர்தர் காம்ப்டனுக்கு 1927இல் நோபெல் பரிசு கிடைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதை ஒத்த ஒன்று நிகழலாம் என்ற எண்ணம் இராமனுக்கு அதனால் வலுப்பெற்றது. 1928 பிப்ரவரி 28 அன்று ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வழியாகப் பார்த்தபோது, நிறம் மாறிய ஒளி தனியாகப் பிரிந்து தெரிந்தது. இராமனும் கிருஷ்ணனும் ஏறத்தாழ 60 திரவங்களை ஆராய்ந்து, எல்லாவற்றிலும் அந்த விளைவு இருப்பதை அறிவித்தனர். 1930இல் இராமனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஆக, அந்த ஒளி 1923 முதலே ஆய்வுக்கூடத்தில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. ஐந்தாண்டுகள் அதற்கு மாசு என்ற பெயர் ஒட்டியிருந்தது. இதை யாருடைய குறையாகவும் நான் சொல்லவில்லை; விஞ்ஞானிகள் இயல்பாகச் சிந்திக்கும் முறையே இதுதான் என்பதை உளவியலாளர் கெவின் டன்பார் நேரடியாகப் பார்த்துப் பதிவுசெய்திருக்கிறார். 1990களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் முன்னணி மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடங்கள் நான்கில், வாராந்தரக் கூட்டங்களில் உட்கார்ந்து உரையாடல்களை ஒலிப்பதிவு செய்தார். அங்கே கிடைத்த முடிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை எதிர்பாராதவையாக இருந்தன. விஞ்ஞானிகள் முதலில் குறை கூறியது செய்முறையை: கரைசல் சரியில்லை, வெப்பநிலை சரியில்லை, மாசு கலந்துவிட்டது. அதே விந்தை மீண்டும் மீண்டும் தலைகாட்டிய பிறகே, கோட்பாட்டைத் திருத்தத் தொடங்கினார்கள். முதல் சந்தேகம் செய்முறையின் மேல் விழுவது நியாயமானதும்கூட, ஏனெனில் ஒவ்வொரு விலகலையும் புதிய கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ளும் ஆய்வுக்கூடம் எதையும் முடிக்காது. எத்தனை முறை தூய்மைப்படுத்திய பின் மாசு என்ற விளக்கத்தைக் கைவிடுவது என்ற மதிப்பீட்டில்தான் திறமை இருக்கிறது. அந்த மதிப்பீட்டுக்குச் சூத்திரம் ஏதும் கிடையாது.

டன்பார் கண்ட இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அறிவியலில் படைப்பாற்றல் என்றாலே வெகு தொலைவிலுள்ள இரண்டு துறைகளை இணைக்கும் உவமை என்று நாம் எண்ணுகிறோம். அந்த ஆய்வுக்கூடங்களில் அத்தகைய உவமைகள் அரிதாகவே வந்தன. அவையும் பெரும்பாலும் பிறருக்கு விளக்குவதற்காகப் பயன்பட்டன. சிக்கலைத் தீர்க்க உதவியவை அருகிலுள்ள ஒப்புமைகள்: இதே போன்ற மரபணு, இதே போன்ற உயிரி, இதே போன்ற சோதனை. அத்துடன், உறுப்பினர்கள் வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்திருந்த குழுக்களில் இந்த ஒப்புமைகள் எளிதாகப் பிறந்தன. எல்லாரும் ஒரே நுண்ணுயிரியைப் பற்றிய நிபுணர்களாக இருந்த குழு, அதே வகைச் சிக்கலுக்குப் பல நாள்கள் முயன்று தவறித் திருத்த வேண்டியிருந்தது. சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில் உள்ள பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் பல துறை ஆய்வு நிலையங்களை அருகருகே அமைத்திருப்பதன் பின்னணியில் இத்தகைய எதிர்பார்ப்பும் உண்டு. அருகில் இருப்பது மட்டும் போதாது. வாரக் கூட்டத்தில் இளைய ஆய்வாளர் தமக்கு வந்த விசித்திரமான முடிவை மறைக்காமல் எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

இந்த இடத்தில் உயர்நிலைப் பள்ளியின் செய்முறைப் பாடத்தை நினைத்துப் பார்க்கலாம். ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும் மாணவருக்கு வரவேண்டிய எண் எதுவென்று முன்பே தெரியும். தம் அளவீடு விலகினால், அந்த ஒன்றை அடித்துவிட்டு மீண்டும் அளப்பது அவருக்கு இயல்பாக வருகிறது, நேரமும் குறைவு. விலகலுக்குக் காரணம் என்னவாக இருக்கலாம் என்று எழுத வைத்தால், இராமநாதன் 1923இல் நின்ற இடத்தில் அந்த மாணவரும் ஓரிரு நிமிடங்கள் நிற்பார். பெரும்பாலும் காரணம் நூலின் நீளத்தைத் தவறாக அளந்ததாகவே இருக்கும் என்பது வேறு.

எண்ணிக்கையும் தற்செயலும் படைப்பாற்றலில் வகிக்கும் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். டொனால்ட் கேம்பல் 1960இல் முன்வைத்து, டீன் கீத் சைமன்டன் விரிவாக்கிய கருத்தின்படி, மனம் முன்கூட்டியே பலன் தெரியாமல் பல சேர்க்கைகளை உருவாக்குகிறது. அவற்றுள் சில மட்டும் தேர்ந்து நிற்கின்றன. அதனால் சிறந்த ஆய்வுகளை அதிகம் தருபவர்கள் பெரும்பாலும் சாதாரண ஆய்வுகளையும் அதிகம் தருபவர்களே. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஒரு விஞ்ஞானியின் மிகத் தாக்கம் வாய்ந்த கட்டுரை அவருடைய கட்டுரை வரிசையில் எந்த இடத்திலும் வரக்கூடும் என்று காட்டியது. இளமையில் அது அதிகம் வருவதாகத் தோன்றுவதற்குக் காரணம், இளமையில் அதிகம் எழுதுவதே. அதோடு, ஒரே கண்டுபிடிப்பு பல இடங்களில் ஒரே காலத்தில் நிகழ்வதும் உண்டு. கொல்கத்தாவில் நடந்ததற்கு ஒரு வாரம் முன்னால், மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்கும் மாண்டெல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் அதே விளைவைக் கண்டிருந்தனர்; வெளியிடுவதில் பின்தங்கினர். அத்தகைய விளைவு இருக்கலாம் என்று ஆஸ்திரியாவின் அடால்ஃப் ஸ்மெக்கல் 1923இலேயே கோட்பாட்டளவில் எழுதியிருந்தார். எனவே மேதையை மட்டும் கொண்டு கண்டுபிடிப்பை விளக்க முடியாது. துறை பழுத்திருக்கவும் வேண்டும்.

ஆளுமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புதிய அனுபவங்களுக்குத் திறந்த மனம், தன்னம்பிக்கை, வழக்கத்தை அப்படியே ஏற்காத இயல்பு ஆகியவை படைப்பாற்றல் மிக்க விஞ்ஞானிகளிடம் சற்று அதிகம் தென்படுகின்றன. அமெரிக்க உளவியலாளர் ஆன் ரோ, 64 முன்னணி விஞ்ஞானிகளை நேர்கண்டு 1950களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில், அவர்களைப் பொதுவாக இணைத்தது வேலையின் மேல் இருந்த ஆழ்ந்த ஈடுபாடே என்று கண்டார். புறப் பரிசைவிட உள்ளிருந்து எழும் ஆர்வமே படைப்பாற்றலுக்குத் துணை நிற்கிறது என்று தெரசா அமபிலே பின்னர் சோதனைகள் மூலம் வாதிட்டார். 1907 முதல் பத்தாண்டுகள் அரசின் நிதித்துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே, அலுவலக நேரத்துக்கு வெளியே ஆய்வுக்கூடத்தில் உழைத்த இராமனை இதற்கு மீண்டும் சான்றாகக் காட்டலாம்.

கடைசியாக, புதிய எண்ணத்தை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வி. மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர், படைப்பாற்றல் தனிமனிதரின் தலைக்குள் மட்டும் இல்லை, துறையின் அறிவும், எது தகுதியானது என்று தீர்ப்பளிக்கும் மனிதர்களும் சேர்ந்தே அதை உருவாக்குகிறார்கள் என்றார். இதற்குச் சான்று தேட நாம் பூமலை என்று அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை. பிரேசில் ரப்பர் நாற்றுகள் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தின் வழியாக 1877இல் இங்கே வந்து சேர்ந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பேற்ற தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையை மெல்லிதாகச் சீவி, அதே வெட்டை நாள்தோறும் திறந்து பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் தந்தது. தோட்டக்காரர்கள் காப்பியை விட்டு ரப்பருக்கு மாற வேண்டும் என்று, விதைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்த்தவர்களிடமெல்லாம் வற்புறுத்தியதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பெயர் கிடைத்தது. மலாக்காவில் டான் சாய் யான் 1896இல் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பிறகு காப்பி விலை சரிந்தது, வாகனச் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது, மலாயா முழுவதும் தோட்டங்கள் பரவின. அங்கே பால்வெட்டுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று இந்தத் தீவில் வாழ்கிறார்கள்.

சிக்சென்ட்மிஹாயின் கருத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றினால், ரிட்லியின் முறை 1890களில் படைப்பாக இல்லை, தோட்டக்காரர்கள் ஏற்றுக்கொண்ட பிறகே படைப்பானது என்று சொல்ல வேண்டிவரும். இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஏற்பு, ஒரு கருத்து எவ்வளவு தூரம் பரவியது என்பதை விளக்குகிறது. அது எப்படி உருவானது என்பதை விளக்குவதில்லை. மரத்தை வெட்டினால் மரம் சாகும் என்று பலரும் இயல்பாக எடுத்துக்கொண்ட இடத்தில், அது ஏன் சாக வேண்டும் என்று கேட்டு, வெட்டின் ஆழத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தது ரிட்லியும் அவருடன் பூமலையில் உழைத்தவர்களும்தான். அந்த வேலை, மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பரவுவதற்கு முன்பே நடந்தேறியிருந்தது.